போனில் கேட்டு எழுதிய நலம்

வரதனிடம் ஒரு ஃபைல் கேட்டுவிட்டு நாற்காலியைத் தேடக் கூடாது. உட்காருவதற்குள் ஃபைல் கைக்கு வந்துவிடும், அப்புறம் எழுந்திருக்க வேண்டியதுதான். பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு தரும ஸ்தாபனம் நடத்தும் புற்றுநோய் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கேண்டீனுக்கு அடுத்த அறையில், பதினாலாயிரம் ஃபைல்களோடு ஒன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிற மனிதர் அவர். சொந்த ஊர் பாரிவாக்கம். அப்பா காலத்து நிலம் மனைகளாகிப் பங்கு பிரிந்து போயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருடம் லேத் ஓட்டினார். கம்பெனியை மூடினார்கள், நாற்பதைத் தாண்டிய வயதில் இங்கே வந்து சேர்ந்தார்.

“லேத்துல ஒரு நூல் தப்புனா பீஸ் வீணு. இங்க ஒரு நம்பர் தப்புனா ஆளே வீணு” என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். சொல்லும்போது முகத்தைப் பார்த்தால், ஆஸ்பத்திரியே தன் தலைமேல்தான் நிற்கிறது என்று அவர் நம்புவது தெரியும். நம்பிவிட்டுப் போகட்டும், கெட்டுப்போனது ஒன்றுமில்லை. அவ்வளவு கவனமான மனிதர் வருடாவருடம் மறக்காமல் ஒரு தப்பைச் செய்துகொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். அதுவும் நல்ல மனசோடு.

மார்ச் மாதம் பிறந்தால் ஸ்தாபனத்திலிருந்து தணிக்கைக்கு வருவார்கள். ஒவ்வொரு ஃபைலின் கடைசிப் பக்கத்திலும் ‘சிகிச்சையின் பலன்’ என்று ஒரு கட்டம் உண்டு. “கட்டம் காலியா இருக்கக் கூடாது வரதன். காலியா இருந்தா நாம வேலையே பார்க்கலைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க” என்று மேனேஜர் இராமகிருஷ்ணன் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடுவார். ஒழுங்காக ஸ்கேனுக்கு வந்தவர்களின் கட்டத்தை டாக்டரே நிரப்பிவிடுவார். ஆறு மாதமாகத் தலையே காட்டாதவர்கள்தான் பிரச்சினை. அவர்கள் வீட்டுக்கு வரதன் போன் போடுவார்.

போன் போட்டு என்னவென்று கேட்பது? ‘உயிரோடு இருக்கிறாரா’ என்று ஒரு வீட்டில் கேட்க எந்த மனிதனுக்கு வாய் வரும்? அதனால் எல்லோரும் கேட்பது போலவே அவரும் கேட்பார்: “ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேம்மா. அம்மா நல்லா கீறாங்களா?”

அந்தப் பக்கமும் எல்லோரும் சொல்வதையே சொல்வார்கள். “நல்லா கீறாங்க.”

முகம் தெரியாத ஆளிடம் வீட்டுக் கஷ்டத்தை யார் கடை பரப்புவார்கள்? கண்பட்டுவிடும் என்று ஒரு பயம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று ஒரு பயம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் அந்த வியாதியின் பெயரே வாசல் தாண்டாது. வரதன் இதையெல்லாம் யோசிக்கவில்லை. நல்லா இருக்கிறார்கள் என்று கேட்ட சந்தோஷத்தில் ‘நலம் – போன்’ என்று அழகாக எழுதி, நாடாவைக் கட்டி, அலமாரியில் வைத்துவிடுவார். ஒரு மார்ச்சுக்கு இருபது முப்பது நலம். அன்றைக்குச் சாப்பாடுகூட ருசியாக இறங்கும்.

அந்த ஃபைல்களையெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். காண்டிராக்டில் வந்தவர்கள் ‘நலம்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘மருந்து கேட்டது’ என்று தட்டிவிட்டார்கள். ‘போன்’ என்ற வார்த்தையைப் போடக் கம்ப்யூட்டரில் இடமில்லை, விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் நிஷா வந்தாள். திண்டுக்கல் பெண், கோவில்பதாகையில் ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கிறாள், ஸ்கூட்டரில் வருவாள். இரண்டாவது மாடியில் அவளுக்கு ஒரு சின்ன அறை, ஒரு பெரிய திரை. பழைய நோயாளிகளின் சதைப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை, ரத்தக் கணக்கு, எந்த மருந்து கொடுத்தார்கள், கேட்டதா கேட்கவில்லையா என்பதையெல்லாம் படித்துக் கற்றுக்கொண்டு, புதிதாக வருகிற நோயாளிக்கு எந்த மருந்து எந்த அளவுக்குக் கேட்கும் என்று சொல்கிற இயந்திரத்தை அவள் தயார் செய்தாள். வரதன் அதை ‘மிஷின்’ என்பார். லேத்தும் மிஷின்தான், இதுவும் மிஷின்தான்.

நிஷாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. மிஷின் வெறும் நம்பரைச் சொன்னால் அவள் விடமாட்டாள். எந்தெந்தப் பழைய நோயாளிகளைப் பார்த்து இந்த நம்பரைச் சொன்னாய் என்று அதையே கேட்பாள். அது ஃபைல் நம்பர்களைச் சொல்லும். அந்தக் காகித ஃபைல்களை டாக்டர் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் மருந்து எழுத வேண்டும் என்று விதி போட்டுவிட்டாள். “நம்பர் பெருசா இருக்கேன்னு நம்பிறாதீங்க. என்னையும் நம்பாதீங்க. ஃபைலைப் பாருங்க” என்பாள். அந்த விதியால் தனக்கு மாடிப்படி ஏறும் வேலை கூடியது என்று வரதன் உள்ளுக்குள் முணுமுணுத்தாலும், ஃபைலுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த முதல் ஆள் அவள்தான் என்பதால் டீ வாங்கிக் கொடுக்கத் தவறியதில்லை.

இந்த வருடம் தை மாதம் வரதனின் அக்கா கன்னியம்மாள் அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்தார்.

கன்னியம்மாளுக்கு அறுபத்து மூன்று வயது. பாரிவாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் மிச்சமிருந்த அரை கிரவுண்டு நிலத்தில் கீரை போட்டு, சுற்றிலும் முளைத்த அடுக்குமாடி வாசல்களில் காலையில் விற்பவர். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம், யாருக்கு என்ன வேண்டுமானாலும் எடுத்துக் கொடுத்துவிடும். ஐந்து வருடம் முன்பு மார்பில் கட்டி எடுத்திருந்தார்கள். இப்போது அது ஈரலில் நான்கு புள்ளிகளாகத் திரும்பி வந்திருந்தது.

டாக்டர் ஷோபனா இரண்டு வழி சொன்னார். ஒன்று, வீட்டிலிருந்தே சாப்பிடும் மாத்திரை. இன்னொன்று, மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்து டிரிப்ஸில் ஏற்றிக்கொள்ளும் மருந்து. இரண்டுமே இந்த வியாதிக்குக் கொடுப்பதுதான். எது இவருக்குக் கேட்கும் என்பதுதான் கேள்வி. தப்பானதை எடுத்தால் இரண்டு மூன்று மாதம் வீணாகும், ஈரல் அவ்வளவு நாள் காத்திருக்காது. டாக்டர் இதை மறைக்காமல் சொன்னார்.

கன்னியம்மாள் நொடியில் முடிவு செய்துவிட்டார். “மாத்திரையே குடு டாக்டரம்மா. டிரிப்ஸுன்னா நாள் பூரா இங்க படுத்துக் கெடக்கணும், அப்பால ஊட்ல மூணு நாள் படுக்கணும். கீரைக்கு யாரு தண்ணி ஊத்துவா?”

வியாழக்கிழமை நிஷாவின் மிஷினிடம் கேட்டார்கள். மாத்திரைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று என்று திரையில் வந்தது. வரதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஊர் அம்மன் கோயிலில் சூறைத் தேங்காய் உடைத்தார். திங்கட்கிழமை மாத்திரை ஆரம்பம் என்று முடிவாயிற்று. நடுவில் ஒரே ஒரு சடங்கு பாக்கி இருந்தது, அந்த நம்பருக்குக் காரணமான பதினோரு ஃபைல்களை எடுத்துத் தர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரதனின் மேஜைக்குச் சீட்டு வந்தது.

உற்சாகமாகத்தான் எடுத்தார். அக்காவைப் போன்ற பதினோரு பேர், மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தவர்கள். ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். நலம் – போன். நலம் – போன். பதினொன்றில் ஒன்பது அவர் கையெழுத்து. ஏழாவது ஃபைலைத் திறந்தபோது முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த புகைப்படம் அவரைப் பார்த்தது. பெரிய பொட்டு, ஒரு பக்கம் சாய்ந்த சிரிப்பு. தாட்சாயிணி, வயது ஐம்பத்தெட்டு, சென்னீர்குப்பம்.

இந்த முகத்தை இந்த வாரம்தான் பார்த்தார். சென்னீர்குப்பம் பஸ் நிறுத்தத்துச் சுவரில், மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டரில், இதே புகைப்படம். பஸ் சிக்னலில் நின்ற இரண்டு நிமிடமும் வேறு வேலை இல்லாததால் முழுசாகப் படித்திருந்தார். இறந்த தேதி மூன்று வருடத்துக்கு முந்தைய ஜனவரி பதினாறு. ஃபைலில் அவர் ‘நலம்’ எழுதிய தேதி அதே வருடம் மார்ச் ஒன்பது. இறந்து ஐம்பத்திரண்டு நாள் ஆன பெண்மணியை வரதன் நலமாக்கி அலமாரியில் வைத்திருக்கிறார்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒருவர் இப்படி என்றால் மற்ற எட்டுப் பேர்? சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. சொன்னால் வேலை போகலாம், ஐம்பத்திரண்டு வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதைவிட, சொன்னால் அக்காவுக்குக் கிடைத்த தொண்ணூற்றொன்று போய்விடும். தேங்காய் உடைத்த கையாலேயே அதைக் கெடுப்பதா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. டாக்டர் கடைசிப் பக்கத்தில் ‘நலம்’ என்பதைப் பார்ப்பார், தலையாட்டுவார், திங்கட்கிழமை மாத்திரை வரும். கொஞ்ச நேரம், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அதிகமான நேரமே, அவர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்.

அப்புறம் அக்கா அந்த மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்குவதை நினைத்துப் பார்த்தார். பதினோரு ஃபைல்களையும் அள்ளிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினார்.

“நிஷாம்மா, மிஷின் பொய் சொல்லல. நான்தான் அதுக்குப் பொய் சொல்லிக் குட்த்துட்டேன்.”

நிஷா திரும்பினாள். “என்னண்ணே சொல்றீங்க? முதல்ல உட்காருங்க.”

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். மார்ச் மாதம், காலிக் கட்டம், போன், ‘நல்லா கீறாங்களா’, போஸ்டர். அவள் எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“டிரிப்ஸ் போட்டவங்களுக்கும் இப்படிப் போன் பண்ணி எழுதுவீங்களாண்ணே?”

வரதன் யோசித்தார். “இல்லம்மா. டிரிப்ஸ்காரங்க மூணு வாரத்துக்கு ஒருக்கா இங்க வந்தே ஆவணும். வரலன்னா அடுத்த வாரமே நமக்குத் தெரிஞ்சிடும். மாத்திரைக்காரங்களுக்கு மூணு மாசத்துக்குச் சேத்துக் குட்த்து அனுப்பிடறோம். அவங்க வந்தாத்தான் தெரியும். வராதவங்களுக்குத்தான் போன்.”

நிஷா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். இதுவரை பிடிபடாத சிக்கல் அதுதான். டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர்களில் யாருக்கு மருந்து கேட்கவில்லையோ, யார் இறந்தாரோ, அது அப்படியே ஃபைலில் ஏறியது. மாத்திரை சாப்பிட்டவர்களில் மோசமானவர்கள் சத்தமில்லாமல் வராமல் போனார்கள், அவர்களையெல்லாம் வரதனின் போன் நலமாக்கிவிட்டது. மிஷின் பாவம், படித்ததைத்தான் ஒப்பித்தது. கண்காணாமல் போனவர் எல்லாம் சுகம் என்று கற்றுக்கொண்டு, மாத்திரையை வானளாவப் புகழ்ந்தது.

“மாத்திரை இவ்வளவு நல்லா வேலை செய்யுதேன்னு ஆறு மாசமா எனக்கு ஒரு உறுத்தல்ணே. எத்தனையோ விதமா சரிபார்த்தேன், கம்ப்யூட்டருக்குள்ளயே தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து சொல்லலைன்னா திங்கக்கிழமை ஆரம்பிச்சிருப்போம்” என்றாள். “ரொம்ப நன்றிண்ணே.”

திட்டு வாங்கத் தயாராக வந்த மனிதரிடம் நன்றி சொன்னால் அவர் என்ன செய்வார்? ஃபைல்களை மேஜைமேல் வைத்துவிட்டுச் சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இராமகிருஷ்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ, “காலியா விடாதேன்னு சொன்னது நான். அதையும் சேர்த்து எழுதிக்குங்க” என்றார். அதுவரை அந்த மனிதரைப் பற்றி வரதன் கேண்டீனில் பேசியிருந்ததெல்லாம் நியாயமே இல்லை என்று அன்று தோன்றியது.

டாக்டர் ஷோபனா மாத்திரையை நிறுத்திவைத்தார். “பத்து நாள் காத்திருக்கலாம். அதுக்கு மேல முடியாது.”

பத்து நாள். ஒன்பது வீடு. வரதன் விடுப்பு எடுத்துக்கொண்டு தன் பழைய டிவிஎஸ் வண்டியை எடுத்தார். இந்த முறை போன் இல்லை, நேரில். வாசலில் நின்று எதையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று சொல்லி, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, சுவரை ஒருமுறை பார்ப்பார். மாலை போட்ட படம் பதில் சொல்லிவிடும். பட்டாபிராம் பக்கம் ஒரு வீட்டில் மாலை, அடுத்த நாள் திருவேற்காட்டில் ஒரு வீட்டில் மாலை, அப்புறம் இன்னும் மூன்று வீட்டில் மாலை. இரண்டு பேர் மாத்திரை கேட்காததால் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும், நோயாளியே துணி துவைத்த ஈரக் கையோடு வெளியே வந்து, “அத்தினி மாத்திரையும் முழுங்கிட்டு குண்டுக்கல்லாட்டம் கீறேன், நீ இன்னாய்யா செவுத்துல மாலையத் தேடறே?” என்று கிழி கிழியென்று கிழித்தார். வரதன் அந்த வசவைப் பிரசாதம் போல வாங்கிக்கொண்டார். அந்த ஒரு ‘நலம்’ நிஜம்.

கடைசியாகச் சென்னீர்குப்பம். தாட்சாயிணியின் வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தார்கள். மகள் ஜெயப்பிரியா இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்றார்கள். தெருமுனையில் தண்ணீர்க் கேனோடு வந்துகொண்டிருந்தவளே அவள்தான். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைக் கேட்டதும் வரதனை மரத்துக்குப் பின்னால் இழுக்காத குறையாக ஒதுக்குப்புறம் கூட்டிப்போனாள்.

“ஊட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க சார். மாமியாருக்குத் தெரியாது. அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக்குன்னுதான் சொல்லிகீறோம்.”

அம்மா இறந்து ஒரு வருடத்துக்குள்ளேயே பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தினார்களாம். வரதன் போன் செய்த அன்று மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். “புத்துநோய் ஆஸ்பத்திரின்னு நீங்க சொன்ன உடனே எனக்குக் கை காலு ஓடல. நல்லா கீறாங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். அதச் சொன்னதுக்கு மூணு வருஷமா அழுதுகினு கீறேன் சார். செத்துப்போன எங்கம்மாவ...”

வரதன், தானும் அதே நாளில் தப்புச் செய்தவன்தான் என்று சொன்னார். அக்காவைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்கு மாத்திரை எத்தனை நாள் கேட்டது என்று தெரிந்தால் போதும், பெயர் எங்கும் வராது என்றார். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில், நினைவஞ்சலி போஸ்டருக்குக் கீழேயே நின்று, ஜெயப்பிரியா ஒரு மஞ்சப்பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். உள்ளே அரசு ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்தன. மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாவது வாரத்திலேயே ஈரலில் கட்டிகள் இரண்டு மடங்காகியிருந்தன. கன்னியம்மாளுக்கு இருக்கிற அதே வகை, மரபணுப் பரிசோதனையில் அதே மாற்றம்.

போனில் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு பலன்களையும் நிஷா ‘தெரியாது’ என்று மாற்றினாள். வரதன் நேரில் போய் அறிந்துவந்ததை மட்டும் புதிதாகச் சேர்த்து மிஷினை மறுபடி படிக்கவைத்தாள். ஒன்பதாம் நாள் திரையில் வந்தது: மாத்திரைக்கு இருபத்தெட்டு. டிரிப்ஸுக்கு ஐம்பத்தாறு. கீழே ஒரு வரி, இவரைப் போன்ற நோயாளிகள் போதிய அளவு இல்லை, உறுதியாகச் சொல்ல இயலாது, மருத்துவர் முடிவு செய்யவும்.

வரதனுக்கு அந்தக் கடைசி வரியில்தான் கண் நின்றது. தொண்ணூற்றொன்று என்று மார்தட்டிய மிஷின், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியிருந்தது. அதற்காகவே அதைக் கொஞ்சம் நம்பலாம் போல இருந்தது. டாக்டர் ஷோபனா ஃபைல்களை இரண்டு முறை புரட்டினார், தன் சக டாக்டர்களிடம் பேசினார், டிரிப்ஸ் என்று எழுதினார்.

கன்னியம்மாளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! “தெனம் ஒரு மாத்திர முழுங்கிட்டு ஷோக்கா இருந்திருப்பேன்டா. நீ போய் இன்னாத்தையோ கெளறி என்னை இந்தக் கம்பத்துல கட்டி வெச்சுட்டே” என்று டிரிப்ஸ் மாட்டிய கையை ஆட்டியே தம்பியை அதட்டினார். இரண்டாவது முறைக்குள் முடி மொத்தமும் கொட்டியது. சோறு மண் மாதிரி இருந்தது. அடுக்குமாடிப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு வந்து கீரைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம், இரண்டையும் ஒன்றாகப் பிடுங்கிக் கட்டியது. கன்னியம்மாள் ஜன்னலிலிருந்தே திட்டினார், திட்டிவிட்டு அவர்களுக்காகக் கும்பிட்டும் வைத்தார்.

மூன்று முறை ஏற்றி முடிந்ததும் ஸ்கேன். ஒன்பது வாரம் வரதன் சரியாகத் தூங்கவில்லை. மாத்திரையை மறுத்து இதைக் கொண்டுவந்தவர் அவர்தானே. இதுவும் கேட்காவிட்டால்? டாக்டர் ஷோபனா படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாலு புள்ளில ரெண்டு தெரியலை. மத்த ரெண்டும் பாதியாயிடுச்சு” என்றார் டாக்டர். “நல்லாவே கேட்டிருக்கு.”

கன்னியம்மாள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. அவ்வளவு நீளமான வாய்க்குச் சொந்தக்காரர், வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

“மாத்திரைய நான் துன்னிருந்தா?”

வரதன் ஸ்கேன் படத்தை உறையில் போட்டு மூடினார்.

“அந்தச் சென்னீர்குப்பத்துப் பொண்ணு... அவங்கம்மா காயிதத்தக் குட்த்துச்சே. அதப் பாக்கணும்டா வரதா.”

வரதன் மறுத்தார். அந்தப் பெண்ணின் மாமியார் வீட்டு விவகாரத்தைச் சொன்னார். “கேட்டுப் பாரு. வோணாம்னா வோணாம்” என்றார் அக்கா. வரதன் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஜெயப்பிரியா, “இன்னொரு தபா மறைஞ்சி நின்னு பேச வோணாம். ஞாயித்துக்கெழம ஊட்டுக்கே இட்டாங்க சார்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியம்மாள் மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு பை நிறையக் கீரையோடு அந்த வீட்டுப் படி ஏறினார். வரதன் பின்னால் நின்றார். மாமியார் கதவைத் திறந்தார். துண்டையும், புருவமே இல்லாத முகத்தையும் பார்த்துவிட்டு, “யாரும்மா இவங்க?” என்று மருமகளிடம் கேட்டார்.

ஜெயப்பிரியா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். கீரைக்காரம்மா என்றுகூடச் சொல்லிவிடலாம், கையில் கீரை இருக்கிறது. வரதனே அப்படி ஏதாவது சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார்.

“எங்கம்மாவுக்கு வந்த அதே வியாதி அத்தை இவங்களுக்கும். புத்துநோய்” என்றாள் ஜெயப்பிரியா. “எங்கம்மா ஹார்ட் அட்டாக்குல சாவல. உங்ககிட்ட நான் மறைச்சுட்டேன்.”

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மாள் நேராக அவளிடம் போய், இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “உங்கம்மா பட்ட பாட்டுலதாம்மா நான் பொழச்சு நிக்கறேன். அவங்க காயிதம் இல்லன்னா எனக்கும் அதே மாத்திரையத்தான் குட்த்திருப்பாங்க. சாவற வரைக்கும் மறக்கமாட்டேன் தாயி.”

ஜெயப்பிரியா அந்தத் தோளில் சாய்ந்து அழுதாள். மூன்று வருட அழுகை, சத்தம் போட்டு வந்தது. மாமியார் டிவியை நிறுத்தினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று வரதன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அந்த அம்மாள் மருமகளின் முதுகில் கை வைத்து, “அட கிறுக்கு, இத்தயா இத்தினி நாளு ஒண்டியா சொமந்துகினு இருந்தே?” என்றார். பிறகு உள்ளே கை காட்டி, “பீரோவுல மூடி வெச்சுகீறியே உங்கம்மா படம், அத்த எட்தாந்து கூடத்துல மாட்டு. இவங்க கும்பிடட்டும்” என்றார்.